சத்தத்தைக் கூட்டிவிட்டுத் தெளிவு என்று விற்ற மென்பொருள் பற்றிய புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு பதியப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனிதர் வாசிக்க வேண்டும்.

ஆறு கிழமைக்கு முதல் 68,000 ரூபா கொடுத்து உங்கள் ஒலிப்பதிவு மென்பொருளை வாங்கினேன். பழையதில் ஒரு குறையும் இருக்கவில்லை. உங்கள் விற்பனையாளர்தான் ஒரே பதிவை இரண்டிலும் போட்டுக்காட்டி, "அண்ணே, எப்படித் திறந்து கேக்குது பாருங்க" என்றார். உண்மையில் மத்தளம் நெஞ்சில் அடித்த மாதிரித்தான் இருந்தது. கூத்துப் பதிவு செய்து கொடுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம்தான் விளங்கியது. எதைத் திறந்தாலும் உங்கள் மென்பொருள் 1.5 டெசிபல் கூட்டித்தான் வெளியே விடுகிறது. சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு நல்லதாகப் படும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு வடமோடிக் கூத்தின் பதிவை உச்சம் −0.5 டெசிபலில் நிற்கும்படி கலந்து, உங்களுடையதில் வெளியெடுத்துக் கொடுத்தேன். டிஜிட்டல் பதிவுக்கு மேல் எல்லை பூச்சியம் டெசிபல்தான்; மத்தளத்தின் ஒவ்வொரு அடியும் அதைத் தாண்டி உடைந்து கேட்கிறது. பதினைந்து வருஷம் கட்டின பெயர் ஒரே நாளில் போய்விட்டது. இனி எந்த ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள்?

இதைச் சொல்லத்தான் கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்பில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை இருத்திவைத்துவிட்டு, அங்கிருந்த இளைஞர் கொம்பியூட்டரைத் திறக்கக்கூட இல்லை. "உங்கட காதைத்தான் முதல்ல ஒரு டொக்டரிட்டக் காட்டோணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காசை விட அந்தச் சிரிப்புத்தான் இன்னும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

சரி, காதை விடுங்கள். உச்சம் குறைந்த ஒரு பதிவை இரண்டு மென்பொருளிலும் வெளியெடுத்து, மட்டத்தைச் சமப்படுத்தி, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கி மற்றதன் மேல் வைத்தேன். இரண்டும் ஒன்றென்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். மத்தளமும் இல்லை, சல்லரியும் இல்லை. எஞ்சியது −90 டெசிபலுக்கும் கீழே, காதுக்கே எட்டாத அளவு. அதோடும் விடவில்லை. கூத்துப் பழக்குகிற, நாற்பது வருஷம் மத்தளம் அடித்த அண்ணாவியார் ஒருவரை ஸ்பீக்கர் முன் இருத்தி, எது எதென்று சொல்லாமல் 16 தடவை போட்டுக் கேட்கவைத்தோம். போடுகிறவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாதென்று இடையில் சீலையும் கட்டினோம். 9 தடவை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். அவருடைய காதையும் டொக்டரிடம் காட்டச் சொல்வீர்களா?

நான் சண்டைக்கு வரவில்லை. உங்களிடம் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஒரு தங்கச்சி போனில் பொறுமையாகத்தான் கதைத்தார். எனக்கு என் 68,000 ரூபாவும் பயணச் செலவும் திரும்ப வேண்டும். அந்த 1.5 டெசிபலை எங்கே நிறுத்துவது என்று எழுத்தில் பதில் வேண்டும். அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். இரண்டு பதிவுகளையும் இங்குள்ள எல்லா ஒலிப்பதிவுக்காரருக்கும் போட்டுக் காட்டுவேன். அதற்கு இடம் வைக்காமல் தயவுசெய்து முடித்துத் தாருங்கள்.

பற்றுச்சீட்டின் பிரதியும் பதிவுகள் அடங்கிய பென்டிரைவும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்