சாயம் இல்லை, பழம்தான் வேறு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த முறை வந்த புளிப்புச் செர்ரி ஜாம் ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறது, சாயம் ஏதும் போட்டீர்களா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சாயம் ஒரு சொட்டுகூட இல்லை. பழத்தை மாற்றிவிட்டு உங்களிடம் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

இதுவரை போட்டது இங்கே மிச்சிகனில் எங்கும் விளையும் மாண்ட்மொரன்சி. அதற்குத் தோல் மட்டும்தான் சிவப்பு. பிட்டால் உள்ளே வெளிர்மஞ்சள் சதை. இப்போது போடுவது பாலட்டன். இது தோலிலிருந்து கொட்டை வரை சிவப்பு. ஒரு கூடைக்குக் கொட்டை எடுத்து முடிப்பதற்குள், பீட்ரூட் நறுக்கியதுபோல நகக்கண்ணெல்லாம் சிவந்துவிடும். இரண்டு நாளைக்குப் போகாது.

பெயரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாலட்டன் என்பது ஹங்கேரியின் மேற்கே உள்ள பெரிய ஏரி. ஆனால் பழம் ஏரிக்கரையில் பிறந்ததல்ல. அதன் ஊர் நாட்டின் எதிர்க்கோடியில், வடகிழக்கே இருக்கும் ஊய்ஃபெஹேர்த்தோ. அங்கே இதை 'ஊய்ஃபெஹேர்த்தோயி ஃபூர்த்தொஷ்' என்பார்கள். அந்த ஊரின் கொத்துச் செர்ரி என்று அர்த்தம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏமி ஐசோனி 1980களில் அதை இங்கே கொண்டுவந்தார். அமெரிக்காவில் விற்க ஏன் வேறு பெயர் வைத்தார்கள் என்று கேட்பவர்கள், பழைய பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்! வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்ப் பெயரைப் பிரித்தால் 'புது வெள்ளை ஏரி' என்று வரும். எப்படிக் கூப்பிட்டாலும் இந்தப் பழத்தை ஓர் ஏரி விடுவதாயில்லை.

பாலட்டனுக்கு இனிப்புக் கொஞ்சம் கூடுதல். அதனால் ஜாமில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறோம். செர்ரித் தொக்குக்கு மட்டும் பழைய மாண்ட்மொரன்சியேதான். நல்லெண்ணெயில் வதங்கும்போது அந்த வெடுக்கென்ற புளிப்பு இல்லாவிட்டால் தொக்கு எடுபடாது. பாலட்டனில் ஒரு சட்டி செய்து பார்த்தோம். வெல்லப்பாகு மாதிரி இருந்தது, நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

அடுத்த தடவையிலிருந்து எந்தப் பழம் என்று லேபிளிலேயே இருக்கும். இந்த ஜாம் பிடிக்காதவர்கள் பாட்டிலைத் திறந்திருந்தாலும் கொண்டுவாருங்கள், பழைய ஜாம் இருப்பு உள்ளவரை மாற்றித் தருகிறோம். அப்புறம் ஒன்று: கொட்டையைக் கையால்தான் எடுக்கிறோம், எங்காவது ஒன்று தப்பியிருக்கலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கரண்டியால் ஒருமுறை மசித்துப் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து