வைரஸ் ஊசியும் கரண்ட் வைப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டைப் புற்றுநோய்க்கு வைரஸ் சிகிச்சை என்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் விஷயம் சரிதான். ஆனால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். கட்டுரை வந்த பிறகு ஒருவர் கடைக்கு வந்து, "அந்த வைரஸ் ஊசி எங்க சார் கிடைக்கும்? அப்பாவுக்குக் கரண்ட் வைக்கிறதை நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

நிறுத்தவே கூடாது. கரண்ட் என்று நம் ஆட்கள் சொல்லும் கதிர்வீச்சை இடையில் விட்டால், மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் வேகம் பிடித்துப் பெருகும். பிறகு மீண்டும் தொடங்கினாலும் முன்போலக் கேட்காது.

வைரஸ் ஊசிக்கு வருவோம். சீனா 2005இலேயே புற்றுச் செல்லை அழிக்கும் வைரஸ் மருந்து ஒன்றுக்கு அனுமதி தந்துவிட்டது. சளிக் காய்ச்சல் தரும் அடினோ வைரஸைத் திருத்திச் செய்தது அது. கொடுப்பது கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோடு சேர்த்துத்தான். லண்டனில் முற்றிய நிலையில் இருந்த 17 பேருக்குக் கழுத்து நெறிக்கட்டிகளில் மாற்றியமைத்த ஹெர்ப்பிஸ் வைரஸை ஊசியாகப் போட்டார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கியதாக 2010இல் முடிவு வந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கதிர்வீச்சும் கீமோவும் கூடவே நடந்தன. அப்படியிருக்க, பலன் எதனுடையது என்று எப்படிப் பிரிப்பது? அதே வைரஸுக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது தொண்டைக்கு அல்ல, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு. அப்புறம் அதை நோய் எதிர்ப்பைத் தூண்டும் புது மருந்தோடு சேர்த்துத் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தைத் தனியாகக் கொடுப்பதைவிட மேலான பலன் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

இதனால் வைரஸ் ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. புற்றுச் செல்லுக்குள் பெருகி அதை உடைத்துவிட்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் எழுப்பிவிடுவது அருமையான யோசனை. ஆனால் குரல்வளையில் ஆரம்ப நிலைப் புற்று என்றால் கதிர்வீச்சு மட்டுமே பெரும்பாலோரைக் குணமாக்கிவிடுகிறது, குரலும் தப்பிக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. எங்கள் பக்கத்து ஆட்களைப் பாதியில் திரும்ப வைப்பது பெரும்பாலும் அலைச்சல்தான். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். கூலி வேலையை விட்டுவிட்டு சேலத்துக்கோ, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போய்த் தங்க வேண்டும். கூட ஒரு ஆளும் வேண்டும். அதைப் பற்றியும் தங்கள் நிருபர் ஒரு கட்டுரை எழுதலாம்.

அத்தோடு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளின் கீழே, இது சோதனையில் இருக்கிறதா, மருத்துவமனையில் கிடைக்கிறதா என்று ஒரு வரி சேருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லி இன்னொரு வரியும் போடுங்கள். ஹான்ஸ் என்ற புகையிலைப் பாக்கெட்டை வாயில் போடுபவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.