போல்ட் ஓடிய மாலையில் ருடிஷா

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜமைக்காவின் குறுந்தூர ஓட்டவீரர் உசேன் போல்ட் 2017இல் விலகியபின் தடகளம் களையிழந்துவிட்டது என்போர், அவர் ஓடிய காலத்திலேயே அவ்விளையாட்டு எவ்வளவு குறுகலாகப் பார்க்கப்பட்டது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 9 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில், கென்யாவின் டேவிட் ருடிஷா, வேகம் அமைத்துக் கொடுக்க எவருமின்றி முன்னணியிலேயே ஓடி, 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார்; ஆனால், அதே மாலையில் போல்ட் வென்ற 200 மீட்டர்தான் பெரும்பாலோர் நினைவில் நிற்கிறது. அன்றே, பத்துப் போட்டிகள் அடங்கிய டெகாத்லானில் தங்கம் வென்ற ஆஷ்டன் ஈட்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊக்கமருந்துச் செய்திகளால் நம்பிக்கை தளர்ந்திருந்த விளையாட்டுக்கு ரசிகர்களை ஈர்த்த போல்டின்மீது குறையில்லை. வந்த கூட்டத்துக்கு மற்றப் போட்டிகளின் சுவையைக் காட்டத் தவறியவர்கள் அமைப்பாளர்களும் ஒளிபரப்பாளர்களும்தான். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களும் இதற்கு விலக்கல்ல.

இப்படிக்கு,
தடகள ரசிகர் ஒருவர்