பொதிகை மலை ஆமைகளும் காணி மக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதிகை மலையின் காட்டுயிர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் புலியும் சிங்கவால் குரங்கும் முன்னே வந்து நிற்கின்றன. திருவிதாங்கூர் ஆமையை யாரும் நினைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தத் தரை ஆமை இங்கே நிலைக்குமா என்பது, புலிகள் காப்பகத்தின் எல்லைக் கற்களைவிட, அந்த எல்லைக்குள் குடியிருக்கும் காணிப் பழங்குடி மக்கள் அதை என்னவாகக் கருதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன்.

மலைக்கு அப்பால், கேரளப் பகுதியில் பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகள், ஆமைக்கென்று யாரும் தனியே வேட்டைக்குப் போவதில்லை என்றும், வனப்பொருள் சேகரிக்கப் போகும்போது எதிர்ப்படுவதையே எடுத்து உண்கிறார்கள் என்றும், இளைப்பு (ஆஸ்துமா) போன்ற நோய்களுக்கு அதன் கறி மருந்து என்ற நம்பிக்கை இருக்கிறது என்றும் சொல்கின்றன. கூடப் போகும் நாய் சருகுக்குள் மோப்பம் பிடித்து நின்று குரைத்தால் போதும். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வதைத் தவிர வேறு தற்காப்பு அறியாத பிராணி அது. எப்போதாவது ஒன்றுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓர் ஈட்டுக்குச் சில முட்டைகளே இட்டு, பருவமடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் உயிரினத்தில், முட்டையிடும் பெட்டை ஒன்று குறைவது எளிதில் ஈடாகாத இழப்பு.

இங்குள்ள நிலையைக் கேட்டறியத்தான் வழியில்லாமல் இருக்கிறது. பாபநாசத்துக்குத் தேனும் நல்லமிளகும் கொண்டுவரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த ஓடைக்கரையில் ஆமை மேயும், எந்த மாதத்தில் அதன் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பேறும் என்பதையெல்லாம் தயங்காமல் சொல்வார்கள். காக்கிச் சட்டை ஒன்று கண்ணில் பட்டதும் பேச்சு நின்றுவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவையானதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்குக்கு அஞ்சி ஆமை ஓட்டைப் புதைத்துவிட்டு வாய் திறக்காதிருக்கும் பழக்கத்தை மட்டும் அது வளர்த்திருக்குமானால், ஆமைக்கும் பயனில்லை, ஆய்வுக்கும் பயனில்லை. எழுபது ஆண்டுகளாக ஆய்வாளர் எவர் கண்ணிலும் படாதிருந்த, பிரம்பு ஆமை என்ற வேறொரு காட்டு ஆமையை 1982-இல் கேரளத்தின் சாலக்குடிக் காட்டில் ஊர்வன ஆய்வாளர் ஜெ. விஜயா மீண்டும் கண்டறிந்தபோது, அவருக்குத் துணை நின்றவர்கள் அந்த ஆமையை உண்ணும் வழக்கமுடைய காடர் பழங்குடியினர்தாம். அப்பெண்மணியின் பெயரே பின்னர் அந்த ஆமையின் பேரினத்துக்குச் சூட்டப்பட்டது.

ஆகவே வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். காணி இளைஞர்கள் பலர் ஏற்கெனவே வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்கள். ரோந்து போகும்போது ஆமையைக் கண்ட இடத்தையும் நாளையும் குறித்துவரும் பொறுப்பை, அதற்குரிய ஊதியத்தோடு, அவர்களிடம் கொடுக்கலாம். கறி மருந்தல்ல என்பதை வெளியாள் ஒருவர் பதாகை கட்டிச் சொல்வதைவிட, ஊர்த் தலைவரான மூட்டுக்காணியையும் மருத்துவம் பார்க்கும் பிலாத்தியையும் உட்காரவைத்துப் பேசுவது எடுபடும். அதுவும், இளைப்புக்கு மாத்திரை வாங்க மலையிறங்க வேண்டிய நிலை மாறிய பிறகே எடுபடும். நாய் வளர்க்கக்கூடாது என்று மட்டும் தயவுசெய்து உத்தரவு போட்டுவிட வேண்டாம். யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் ஆபத்தை முன்கூட்டிச் சொல்வது அந்த நாய்தான். தடுப்பூசி போட்டு, எண்ணிக்கை பெருகாமல் கருத்தடை செய்தால் போதும்.

காணிகளிடம் மட்டும் கட்டுப்பாடு கேட்பது நியாயமாகாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும் நம் வண்டிகள், தரையோடு தரையாக ஊர்ந்து சாலையைக் கடக்கும் எந்த உயிரையும் பார்த்து ஓட்டப்படுவதில்லை. காரையாறு சாலையில் அந்த நாட்களிலாவது வேகக் கட்டுப்பாட்டைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விக்கிரமசிங்கபுரம்.