எடை பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாதவர்களுக்கு

குழந்தைகள் இதயப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், உணவியல் ஆலோசகர் அனைவருக்கும் வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். போடவில்லை. எந்த வரி யாருக்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்கு முன் பால் குடிப்பதே அவளுக்குப் பெரும்பாடு. நாலு வாய் உறிஞ்சுவாள், நெற்றி வியர்க்கும், களைத்துத் தூங்கிவிடுவாள். குடித்த பாலின் சத்தில் பெரும்பங்கை இதயத்தின் மிகை உழைப்பே தின்றுவிடும். கொஞ்சம் எடை ஏறினாலும் வீடே கொண்டாடியது. ஓட்டை அடைபட்டதும் அந்தச் செலவு நின்றது. ஊட்டும் பழக்கம் நிற்கவில்லை. கூடவே, ஓடினால் மூச்சு வாங்குமோ என்ற பயம். எடை அளவுக்கு மீறி ஏறிவிட்டது. இதய நோயோடு பிறந்த பல குழந்தைகளின் வீட்டுக் கதை இதுதான் என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்குச் சற்று ஆறுதல்.

முன்பு போய்வந்த ஓரிடத்திலும் தவறாமல் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவைக் கணக்கிட அது வேண்டுமே! கணக்கு முடிந்ததும் எண் கோப்புக்குள் போய்விடும். ஒரே ஒருமுறை பேச்சு எழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "வாயைக் கட்டச் சொல்லுங்கள்" என்று. அதற்குப் பிறகு மருத்துவமனை என்றாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

செவிலியர் அம்மா, எடை இயந்திரத்தை நடைவழியிலிருந்து கதவுள்ள அறைக்கு மாற்றச் சொல்லிப் போராடியது நீங்கள்தான் என்று அறிந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டை இவள் கைக்குச் சிறியதாக இருந்தது. சிறிய பட்டையில் அளவு பொய்யாக ஏறிக் காட்டும் என்று சொல்லி, அலமாரி அலமாரியாகத் தேடிப் பெரியதை எடுத்துவந்தீர்கள். "கை பெரிது" என்று சொல்லவில்லை, "பட்டை சிறிது" என்றீர்கள். அவள் அதைக் கவனித்தாள்.

உணவியல் ஆலோசகரே, "உன் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" என்று என்னிடம் அல்ல, அவளிடம் அனுமதி கேட்டீர்கள். பெரியவர்களுக்கான ஒரே அளவுகோலால் குழந்தைகளை அளக்கக் கூடாது, வயதையும் பாலினத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று வளர்ச்சி வரைபடத்தை விரித்துக் காட்டினீர்கள். வளரும் பிள்ளைக்குப் பல நேரங்களில் எடை குறையவே வேண்டியதில்லை, உயரம் ஏறும்வரை எடை ஏறாமல் இருந்தாலே போதும் என்றீர்கள். தடைப் பட்டியல் எதையும் நீட்டவில்லை. எதை மாற்றுவது சுலபம் என்று கேட்டதற்கு, இனிப்புப் பானங்களை விடுகிறேன் என்று அவளே சொன்னாள். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா?

மருத்துவர் ஐயா, உடற்பயிற்சிச் சோதனை செய்து பார்த்துவிட்டுப் பள்ளிக்கு நீங்கள் கொடுத்த கடிதத்தை நகல் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். "விளையாட்டுக்குத் தடை இல்லை. களைத்தால் அவளே ஓய்வெடுத்துக்கொள்வாள்." அவ்வளவுதான் கடிதம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைதானத்தின் ஓரத்தில் பை காத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? சில இதயக் கோளாறுகளுக்குக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் யாருக்கு அவசியமில்லை என்பதையும் யாராவது எழுத்தில் தர வேண்டும் அல்லவா?

எடை மிகுந்த பிள்ளைகளுக்கு 3 முதல் 12 மாத காலத்தில் குறைந்தது 26 மணி நேர நேரடிக் குடும்ப ஆலோசனை தேவை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2023 வழிகாட்டி. எப்போதோ ஒருமுறை வந்துபோகும் இதயப் பரிசோதனையில் அது நடக்காது என்பதை மறைக்காமல் சொல்லி, எங்களை உரிய குழுவிடம் ஒப்படைத்தீர்கள். குடும்ப மருத்துவருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் எடை விவரத்தையும் சேர்த்தீர்கள். அதனால் எங்கு போனாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய தொல்லை இல்லை.

நன்றியோடு ஒரு கோரிக்கையும் உண்டு. காத்திருக்கும் கூடத்தில், பதிவு மேசைக்கு நேர் எதிரே இனிப்புப் பானம் விற்கும் இயந்திரம் இன்னும் நிற்கிறது. அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் வரும் ஒரு சிறுமியின் தாய்