காதல் நாவல்களைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்றைய காதல் நாவல்கள் எல்லாமே பெண்களை மயக்கத்தில் வைத்திருப்பவை என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிவு கட்டியிருந்தது. படித்ததும் வருத்தமாக இருந்தது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் ஒன்று கேரளத்து நூலகங்களில் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும் பேசுபவர்கள் ஏராளம். என் பையிலும் இரண்டு மொழிப் புத்தகங்கள் இருக்கும். காதல் நாவலாசிரியை ரமணிசந்திரனின் புத்தகத்தைக் கேட்காத தெரு இல்லை.

கேட்டு வாங்குகிறவர்கள் யாரும் மயங்கிப்போய்ப் படிப்பதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது வாசலிலேயே வழக்கு நடக்கும். "கட்டாயத் தாலி கட்டுனவன், கை நீட்டுனவன், கடைசீல ரெண்டு சொட்டுக் கண்ணீர் உட்டா எல்லாஞ் சரியாப் போயிருமாங்க?" என்று தையல் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டார். 'ஆன்டி ஹீரோ' கதை என்று இப்போது செல்போனிலும் தொடர்தொடராக வருகிறதே, அந்த வகை நாவல். அவருடைய மாமியாருக்கோ அதே கதை ரொம்பப் பிடித்திருந்தது. "ஏங்கண்ணு, அவன் கடைசீல திருந்துனான்ல? நெசத்துல எவன் திருந்தறான்?" என்றார். அந்தப் பதிலை என்னால் லேசில் தள்ளிவிட முடியவில்லை. அடித்த புருஷன் மன்னிப்புக் கேட்டு ஒரு நாளும் பார்த்திராதவர், கதையிலாவது அதைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஆனாலும் நான் மருமகள் கட்சிதான். அடிப்பதையும் மிரட்டுவதையும் காதலுக்கு முன்னுரையாக எழுதும் நாவலை எத்தனை பேர் விரும்பினாலும் கண்டிக்கத்தான் வேண்டும். கண்டிப்பதற்கு முதலில் படிக்க வேண்டும். கட்டுரையாளரோ ஒரு நாவலின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மலையாளத்திலும் இந்தச் சண்டை உண்டு. அகில் பி. தர்மஜனின் 'ராம் கேர் ஆஃப் ஆனந்தி' 2025இல் சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதைப் பெற்றபோது, இதற்கா விருது என்று பலர் கேட்டார்கள். சினிமா படிக்கச் சென்னைக்கு வரும் இளைஞனின் கதை அது. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொள்ளாச்சிக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண்கள் மலையாளத்தை எழுத்துக் கூட்டி அதைப் படித்தார்கள். "சினிமா பாத்த மாதிரி இருக்கு, மனசுல நிக்கல" என்று ஒருத்தி சொன்னாள். முழுசாக முடித்த முதல் மலையாள நாவல் அதுதான் என்று இன்னொருத்தி சந்தோஷப்பட்டாள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

வாசகர்களின் கோபத்திலிருந்து பெரிய நாவலே பிறந்திருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தபோது, கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தலையில் தண்ணீர் ஊற்றி வீட்டில் சேர்த்துக்கொண்ட அம்மாவை ஏற்க மாட்டோம் என்றவர்கள் நிறையப் பேர். அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் மகள் கதி என்ன என்று ஜெயகாந்தன் எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் அதற்கு அகாதெமி விருது கிடைத்தது.

எனவே ஒரு கோரிக்கை. உங்கள் விமரிசனப் பகுதியில் மாதம் ஒரு குடும்ப நாவலையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகியின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா, கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதுங்கள். சாதியைப் பற்றியும் கேளுங்கள். சாதி மாறிக் காதலித்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். நாவல்களில் மட்டும் அந்தத் தடை பணக்காரன், ஏழை என்று மாறிவிடுகிறது. இதை யாராவது அச்சில் கேட்க வேண்டும். அந்த விமரிசனங்களை நாவல் எழுதுகிறவர்களும் படிப்பார்கள். அவர்களில் பலர் வாசகிகளாக இருந்து எழுத வந்தவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு நூலக ஊழியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்