கண்ணீர்க் கதை என்று ஒதுக்கலாமா?

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த மௌனப்படக் கட்டுரை, டச்சு உணர்ச்சிநாடகப் படங்களை ‘வெறும் அழுகைக் கதைகள்’ என ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் மௌரிட்ஸ் பிங்கர் 1912-இல் தொடங்கிய ஹாலந்தியா திரைப்பட நிறுவனம், டச்சு நாடகாசிரியர் ஹெயர்மான்ஸின் ‘ஓப் ஹோப் வான் சேகன்’ நாடகத்தை 1918-இல் படமாக்கியது. உளுத்துப்போன கப்பல் என்று அறிந்தும் மீனவர்களைக் கடலுக்கு அனுப்பும் முதலாளியின் துரோகமும், பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாயின் வறுமையுமே அதன் கதை. இதில் கண்ணீர் சமூகக் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் அந்நிறுவனத்தின் நட்சத்திரமான அன்னி போஸ் நடித்த படமொன்றைத் திரையிட்டபோது, காதலில் ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காக இளைஞர்களும் கலங்கியதைக் கண்டேன். ஆம்ஸ்டர்டாமின் ‘ஐ’ (Eye) திரைப்பட அருங்காட்சியகம் பாதுகாக்கும் இத்தகைய படங்களைத் தமிழ் எழுத்தட்டைகளுடன் (காட்சிகளுக்கிடையே வசனம் காட்டும் அட்டைகள்) திரையிடத் திரைப்படச் சங்கங்கள் முயல வேண்டும். தங்கள் நாளிதழும் அவற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை